கதவில் இல்லை கோளாறு
1960களில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் பாடி ஒரே கூடு அல்ல. துண்டு துண்டாக சேஸியில் போல்ட் போட்டு இணைத்தது. அதைப் புதுப்பிக்கும்போது கதவு சரியாக மூடவில்லை என்றால் கதவோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. பாடிக்கும் சேஸிக்கும் நடுவே உரிய இடத்தில் மெல்லிய தகடு செருகிப் பாருங்கள். கதவோரத்தில் மேலே அகன்று கீழே குறுகிய இடைவெளி நேராகலாம். விவரமான டிங்கர், பெயின்ட் அடிக்கும் முன்பே கதவை மாட்டிப் பார்த்துவிடுவார், புது ரப்பர் பீடிங்கோடு சேர்த்து. புது ரப்பர் கதவை வெளியே தள்ளத்தான் செய்யும். அதற்காக ஓங்கி அறைவது முட்டாள்தனம். பூட்டு விழும் கொண்டியைத் தளர்த்தி, நூலளவு நகர்த்தி, மறுபடி முறுக்க வேண்டும். சாயங்காலம்வரை இதே வேலைதான். அவசரக்காரர்கள் பட்டி பூசி இடைவெளியை மறைப்பார்கள். நம் சாலைப் பள்ளங்களில் அது எத்தனை நாள் நிற்கும்?