ஆக்சோலாட்டலும் ‘கட்டுதல்’ என்னும் வழுவும்

உயிரொன்றை அதன் நிறத்துக்காக அடைத்து வளர்க்கலாமா என்ற கேள்விக்குச் சமணத்தில் பழைய விடை ஒன்று உண்டு. இல்லறத்தார் ஏற்கும் கொல்லாமை விரதத்துக்கு ஐந்து வழுக்களைத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுமீறிச் சுமையேற்றுதல், உணவும் நீரும் தராதிருத்தல். கொல்வது இருக்கட்டும், கட்டி வைப்பதிலேயே வழு தொடங்கிவிடுகிறது. தியாகதுருகம் அடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு இது அயலான சிந்தனை அன்று. உளுந்தூர்பேட்டைப் பக்கம் திருநறுங்கொண்டைக் குன்றில் பார்சுவநாதர் அப்பாண்டைநாதர் என்ற பெயரில் இன்றும் வழிபடப்படுகிறார். சுமை என்றதும் மாடுதான் நினைவுக்கு வரும். கண்ணாடித் தொட்டியில் மிதக்கும் ஆக்சோலாட்டலுக்கு அந்தப் பட்டியல் எவ்வளவு தூரம் செல்லும்?

ஆக்சோலாட்டல் மெக்சிகோ நகரத்துச் சோச்சிமில்கோ வாய்க்கால்களுக்கு உரிய இருவாழ்வி. தவளையைப் போல உருமாறிக் கரையேறாமல், தலையின் இருபுறமும் இறகுபோல் விரிந்த செவுள்களோடு நீரிலேயே முதிர்ந்து முட்டையிடும். அறுந்த கால் மறுபடி முளைக்கும். அதனால் மூன்றாம் வழு இதற்குப் பொருந்தாது என்று யாரும் வாதிட வேண்டாம். கால் முளைக்க வாரங்கள் ஆகும், காயம் உடனே உண்டு. அஸ்டெக் புராணத்தில் சோலோட்டல் என்ற தெய்வம் பலிக்கு அஞ்சி ஓடி, மக்காச்சோளமாகவும் ஆனைக்கற்றாழையாகவும் மாறி, கடைசியில் நீருக்குள் ஆக்சோலாட்டலாகி அங்கே பிடிபட்டது. கடலில் மாமரமாய் நின்ற சூரபதுமனை அறிந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாகத் தோன்றாது.

ஏரியில் அதன் நிறம் கரும்பழுப்பு, அதில் பொன்தூவல். சேற்றோடு சேறாக மறைவதற்கானது. வளர்ப்போர் விரும்புவதோ கருங்கண்ணும் இளஞ்சிவப்புச் செவுளும் கொண்ட வெள்ளை. கருவில் நிறமிச் செல்கள் உடலெங்கும் பரவத் தவறும்போது அந்த வெள்ளை உண்டாகிறது. 1864-இல் பாரிசில் விலங்கியலாளர் ஆகுஸ்த் டுமேரிலிடம் வந்த ஆறு ஆக்சோலாட்டல்களில் ஓர் ஆண் வெள்ளை; அவற்றின் வழி வந்த குட்டிகள் ஐரோப்பிய ஆய்வகங்களெங்கும் பரவின. பொன்னிற வகைக்குக் காரணமான மரபணு 1960-களில் புலிச் சாலமாண்டர் என்ற இன்னோர் இருவாழ்வியோடு கலந்து வாங்கியது. ஒளிரும் பச்சைக்கு மூலம் ஜெல்லிமீனின் மரபணு. சைவ சித்தாந்தம் உடலை மாயையின் காரியம் என்கிறது. ஆக்சோலாட்டலின் நிறத்தில் மாயையோடு மனிதரின் விருப்பமும் கலந்திருக்கிறது. கண்டு மகிழ்வதில் பிழை சொல்வதற்கில்லை. புது நிறம் வேண்டும் என்பதற்காகவே மேலும் மேலும் குஞ்சு பொரிக்க வைப்பதுதான் உறுத்துகிறது.

கூண்டுப் பறவையை விடுவிப்பது புண்ணியம் என்ற வழக்கு இங்கே கைகொடுக்காது. ஆக்சோலாட்டலுக்கு 16 முதல் 18 பாகை செல்சியஸ் வரை குளிர்ந்த நீர் வேண்டும். 24-ஐத் தாண்டினால் நலியும். சித்திரை மாதத்தில் தியாகதுருகத்து ஏரியில் விட்டால் அது விடுதலை ஆகாது, கொலையாகும். பிழைத்தாலோ உள்ளூர் மீனுக்கும் தவளைக்கும் நோய் கொண்டுவரக்கூடும். சோச்சிமில்கோவிலும் கலப்பினத்தை விட முடியாது. 1998-இல் அங்கே சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 என்று கணக்கிடப்பட்டவை 2014-இல் 36 ஆகக் குறைந்திருந்தன. எஞ்சியவற்றோடு புலிச் சாலமாண்டரின் மரபு கலந்துவிடக் கூடாது. ஆகவே தொட்டியில் பிறந்ததைத் தொட்டியிலேயே காப்பது கொல்லாமைக்கு உட்பட்டதுதான். அப்போது கேட்க வேண்டியது ஐந்தாம் வழுவைப் பற்றி: நீர் இருந்தும் அது வெந்நீராக இருந்தால், நீர் தராததற்கு அது சமம்.

இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தமும் 2024-இல் வந்த விதிகளும், பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள இத்தகைய உயிர்களை வைத்திருப்போர் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்கின்றன. ஆக்சோலாட்டல் 10 முதல் 15 ஆண்டுகள் வாழும். அத்தனை கோடைக்கும், மின்தடை நேரம் உட்பட, தண்ணீரைக் குளிர்வித்துத் தர முடியாதவர் இதை வாங்காதிருப்பதே நல்லது.