சரியான செயலும் தூய கையும்

அண்மையில் இளைஞர் சிலருடன் அமர்ந்து, 1941ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘மால்ட்டீஸ் பால்கன்’ என்னும் துப்பறியும் படத்தை மறுமுறையும் கண்டோம். டாஷியல் ஹாமெட் 1930ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலைத் தழுவியது அது. ஜான் ஹூஸ்டன் இயக்கிய முதற்படமும் அதுவே. படம் முடிந்தபின் எழுந்த வாக்குவாதமே இக்கட்டுரைக்குக் காரணம்.

கதை அறியாதார் பொருட்டுச் சுருங்கக் கூறுவோம். சான்பிரான்சிஸ்கோ நகரில் சாம் ஸ்பேட், மைல்ஸ் ஆர்ச்சர் என்னும் இருவர் கூட்டாகத் துப்பறியும் தொழில் நடத்துகின்றனர். பொய்ப்பெயர் பூண்ட நங்கை ஒருத்தி உதவி நாடி வருகிறாள். அன்றிரவே ஆர்ச்சர் சுட்டுக் கொல்லப்படுகிறான். இரத்தினங்கள் இழைத்ததாகச் சொல்லப்படும் ஓர் இராஜாளிச் சிலைக்காகப் பலரும் ஒருவரையொருவர் வஞ்சிக்கின்றனர். முடிவில் கிடைத்த சிலையோ வெறும் ஈயம். கொலை செய்தவளோ, ஸ்பேட் மனம் பறிகொடுத்த அந்த நங்கையே. அவளை அவன் போலீசாரிடம் ஒப்படைக்கிறான். மின்தூக்கியின் கம்பிக்கதவு மூட, மேரி ஆஸ்டரின் முகத்தில் சிறைக்கம்பியென நிழல் விழுகிறது.

“பெண்களை இவன் நடத்தும் முறை அருவருப்பானது; கூட்டாளியின் மனைவியோடு கள்ள உறவு கொண்டவனா நீதி பேசுவது? கெய்ரோ என்பவனைப் பெண்தன்மையுடையவனாகக் காட்டி நகைப்பது அநாகரிகம். முடிவும் தணிக்கையாளருக்கு அஞ்சிப் புகுத்தியதே” என்றனர் இளைஞர். உடனிருந்த முதியவர் ஒருவரோ, “பழைய படத்தை இக்காலக் கோலால் அளக்கலாகாது” என்று சினந்தார்.

பழையது என்பதற்காகவே மன்னிப்பதும், பழையது என்பதற்காகவே தள்ளுவதும் ஆராய்ச்சிக்கு அஞ்சும் சோம்பலேயன்றி வேறல்ல. இளைஞர் சுட்டிய குற்றங்களுள் முதல் மூன்றும் குற்றங்களே. காலம் அவற்றைக் கழுவிவிடாது. நான்காவது மட்டும் பொருந்தாது. அமெரிக்கப் படவுலகின் ஒழுக்க விதிகள் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது 1934ஆம் ஆண்டில். அவளை ஒப்படைக்கும் முடிவோ 1930ஆம் ஆண்டு நாவலிலேயே உள்ளது. 1931ஆம் ஆண்டில் இதே நாவலைத் தழுவி வந்த முதற்படத்தில், ஸ்பேட் சிறைக்குச் சென்று அவளைக் கண்டு பரிவு காட்டுகிறான். அந்நாளில் வெள்ளித்திரை நாடியது கடுமையை அன்று, இளக்கத்தையே.

இன்னும் ஒன்று கூறுவோம். நாவலின் இறுதியில், 1941ஆம் ஆண்டுப் படத்தில் இல்லாத காட்சியொன்று உண்டு. நடந்ததை அறிந்த ஸ்பேடின் காரியதரிசி எஃபி பெரைன், அவன் செய்தது சரியே என்று ஒப்புகிறாள். ஆயினும் அவன் கை தன்மேல் படப் பொறாது விலகுகிறாள். இன்றைய இளைஞரின் வெறுப்பு இதுவன்றோ? தம் காலத்தின் தனிச் சொத்தென்று அவர்கள் எண்ணியதை நூலாசிரியர் அன்றே எழுதி வைத்துவிட்டார். படம் விட்டதைக் காண்போர் தாமே நிரப்பிக் கொள்கின்றனர்.

சரியான செயல் எனில், விலகுவானேன்? ஸ்பேட் கூறும் காரணங்களில் நியாயமும் சுயநலமும் பின்னிக் கிடக்கின்றன. அவளை விட்டுவிட்டால் நாளை அவள் தன்னையும் சுடலாம் என்ற அச்சமும் அவற்றுள் ஒன்று. ஆர்ச்சரையும் அவன் மதித்ததில்லை. செத்த மறுநாளே அலுவலகத்திலிருந்து அவன் பெயரை எடுத்துவிடச் சொன்னவன். எனினும் எவரும் உண்மையாக அழாத அந்த மனிதனுக்காகக் கணக்குக் கேட்க உலகில் எஞ்சியவன் ஸ்பேட் ஒருவனே. அவன் கடன்பட்டது போலீசாருக்கன்று, இறந்தவனுக்கே என்பது நம் துணிபு.

அங்ஙனமாயின், எவரையும் காட்டிக் கொடுப்பது அறமாகுமா? ஆகாது. ஹாமெட்டே 1951ஆம் ஆண்டில், பொதுவுடைமையருக்குப் பிணைப்பணம் கட்டிய நிதிக்குப் பொருள் உதவியவர்களின் பெயர்களை நீதிமன்றத்தில் கூற மறுத்துச் சிறை புகுந்தார். அங்கே அவர் மௌனத்தால் எந்த ஏழையும் நியாயம் இழக்கவில்லை. ஆகவே, ‘சொல்வதா, மறைப்பதா?’ என்று கேட்பதற்கு முன், ‘நம் மௌனத்துக்கு விலை கொடுப்பவர் யார்?’ என்று கேட்க வேண்டும்.

தோட்டத்துக் கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு இஃது ஏட்டுச் சுரைக்காய் அன்று. சில ஆண்டுகளுக்கு முன், தொழிலாளி ஒருத்தி உழைத்த நாட்களை வேறொருவர் பெயரில் பதிந்திருந்ததை நாம் கண்டோம். எழுதியவர் நம்முடன் ஒரே மேசையில் உண்ட நண்பர். நட்பைக் கருதி வாய் திறவாதிருந்தோம். நம் கை தூய்மையாகத்தான் இருந்தது. நண்பரும் நம்மைவிட்டு விலகவில்லை. அவள் கூலி மட்டும் அவளுக்குச் சேரவில்லை.

நேயர்களே! ஸ்பேடைக் கொண்டாடும்படி நாம் கூறவில்லை. எஃபியைப்போல் விலகி நிற்பது மனித இயல்பே. ஆனால் விலகுமுன் அவள் ஒப்புக்கொண்டதையும் மறவாதிருப்போமாக. நியாயம் செய்தவன் கையில் கறை தேடுவதற்கு முன், நியாயம் செய்யாதிருந்து காத்துக்கொண்ட நம் தூய கைகளையும் ஒருமுறை விரித்துப் பார்ப்போமாக.