தவறணையின் வெப்பமும் மறைத்தலாகிய அருளும்

மெய்கண்டாரின் சிவஞானபோதத்தை மூலநூலாகக் கொள்ளும் சைவ சித்தாந்தம், ஒரு காரியம் தோன்றுவதற்கு மண்போன்ற முதற்காரணமும் சக்கரம்போன்ற துணைக்காரணமும் குயவன்போன்ற நிமித்த காரணமும் வேண்டும் என்று கூறுவதோடு, இல்லாதது தோன்றாது, உள்ளதே வெளிப்படும் என்னும் சற்காரியவாதத்தையும் ஏற்கிறது. குளிர்நாடுகளில் கண்ணாடி வீட்டுக்குள் விதைத்தட்டின் அடியில் விரிக்கப்படும் மின்வெப்ப விரிப்பு இப்பகுப்பில் துணைக்காரணமே. வேரை விரைவுபடுத்துமேயன்றி அது படைப்பதில்லை.

இலங்கையின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில் இது இன்னும் தெளிவாகப் புலப்படுகிறது. ஓரிலையும் அதன் கணுவும் கொண்ட தேயிலைத் துண்டத்தை மண் நிரப்பிய பொலித்தீன் பையில் ஊன்றி, நீரூற்றி, பொலித்தீன் கூடாரத்தால் மூடி, மேலே நிழற்பந்தல் இடும் தவறணையில், அதாவது நாற்றுமேடையில், வெப்பமூட்டிக்குத் தேவையில்லை. தாழ்நில வெயில் பல வேளைகளில் மிகுதியாகவே இருப்பதால், அங்கே தேர்ந்தெடுக்க வேண்டிய கருவி நிழலேயாகும். வேர் பிடித்தபின் கூடாரத்தைச் சிறிது சிறிதாகத் திறந்து, நிழலையும் படிப்படியாகக் குறைத்து, கன்றை வெயிலுக்குப் பழக்குகிறார்கள்.

உயிரைப் பிணித்துள்ள மலம் பக்குவமடையும்வரை இறைவனின் சக்தி மறைந்துநின்று உயிரை நடத்துகிறது என்பது சைவ சித்தாந்தத்தின் திரோதானக் கொள்கை, அதாவது மறைத்தல். மறைத்தலும் அருளாகுமா என ஐயுறுவோர்க்கு இந்தப் பந்தலினும் தக்க விடை அரிது. ஆயினும் உயிர் அறிந்து இச்சித்துச் செயற்படுவது, கன்று அவ்வாறன்று என்பதால் ஒப்புமை அவ்வளவில் நின்றுவிடுகிறது. மேலும், பந்தலை எப்போது விலக்குவது என்பதை இலையைப் பார்த்தே அறியும் தோட்டத் தொழிலாளரின் அறிவு, தவறணையைப் பொறுத்தவரை, நிமித்த காரணத்தின் இடத்தில் வைத்து மதிக்கப்பட வேண்டியதாகும்.