தண்டவாளத்து மரணமும் நல்வாய்மையும்

பெங்களூரிலிருந்து மைசூர் நோக்கி வரும் ரயில் வண்டி, மத்தூருக்கும் மண்டியாவுக்கும் இடையே நின்றுவிட்டதெனக் கொள்வோம். தண்டவாளத்தில் ஒருவர் அடிபட்டு உயிர் நீத்தார். வண்டியில் இருப்போர் காரணம் அறியார். மைசூர் நிலையத்தில் காத்திருப்போர்க்கோ, வண்டி தாமதமென்றும், அசௌகரியத்திற்கு வருந்துவதாகவும் ஒலிபெருக்கி உரைக்கிறது. போனது ஓர் உயிர். வருத்தம் தெரிவிக்கப்படுவதோ போன நேரத்திற்கு. இது முறையா என்பதே நாம் ஆராயப் புகும் வினா.

ஜப்பானில் இத்தகைய வேளையில் 'ஜின்ஷின் ஜிகோ' என்று அறிவிப்பர். மனித உடலுக்கு நேர்ந்த விபத்து என்பது அதன் பொருள். பிரிட்டனில் ஒருவர்மீது ரயில் மோதியதென்றே சொல்வர். நம் நாட்டிலோ 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவு, தண்டவாளத்தில் அத்துமீறி நுழைதலைக் குற்றமென்கிறது. இதனால் மாண்டோர் பலர் ஏட்டில் 'அத்துமீறியோர்' ஆகிவிடுகின்றனர். பயணிகளின் செவியில் அவர்கள் வெறும் தாமதம் ஆகின்றனர்.

உண்மையைச் சொன்னால் மனம் நொந்தவர் அவ்வழியை நாடுவரே என அஞ்சுவோர் உளர். இவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. வியன்னா நகரின் சுரங்க ரயில் மரணங்களைப் பத்திரிகைகள் பரபரப்பாக வெளியிட்டு வந்தன. 1987இல் செய்தி வெளியீட்டிற்கு நெறிமுறைகள் வகுக்கப்பட்டு, பத்திரிகைகளும் அடக்கம் பூண்டன. அவ்வாண்டின் பிற்பாதியிலேயே அங்குத் தற்கொலைகள் பெரிதும் குறைந்தன. மரணத்தைப் புகழ்ந்து ஒருவரைச் சாவுக்குத் தூண்டும் பிக்குவைச் சங்கத்தினின்று நீக்கும் விநய விதியும் சொல்லின் இவ்வாற்றலை உணர்ந்ததேயாகும். எனினும், தீங்கு விளைவிப்பது விரிவும் பரபரப்புமே. அடக்கமாக உரைத்த உண்மையன்று.

அபய இளவரசனுக்குப் பகவன் அருளிய போதனை இங்கு வழிகாட்டும். சொல் உண்மையாதல் வேண்டும், பயனுடையதாதல் வேண்டும், அதன்பின்னும் காலமறிந்தே கூறல் வேண்டும். இம்மூன்றையும் நிறுத்துப் பார்ப்போம். 'ஒருவர் ரயிலில் அடிபட்டார். வண்டி புறப்பட இவ்வளவு நேரம் ஆகலாம்' என்பது உண்மை. கூலி இழப்போர்க்கும் தேர்வுக்குச் செல்வோர்க்கும் வேறு வழி தேட உதவுவதால் பயனுடையது. விபத்தா, தற்கொலையா என்பது அந்நேரத்தில் எவர்க்கும் தெரியாது; ஆகவே அதைக் கூறுதல் பொய்யுரையாகவும் முடியலாம். பெயரோ, உற்றார் அறியுமுன் ஊர் அறியத்தக்கதன்று. இவ்விரண்டையும் ஒலிபெருக்கி சொல்லாதிருத்தல் மறைத்தலாகாது, அதுவும் நல்வாய்மையே.

'தொழில்நுட்பக் காரணம்' என்று கேட்ட பயணி நிர்வாகத்தை ஏசுவான், ஓட்டுநரையும் ஏசுவான். அந்த ஓட்டுநரோ, தடையை அழுத்தியும் வண்டி நில்லாத அக்கொடிய கணங்களைக் கண்ணெதிரே கண்டவர். உண்மையறிந்த பயணியின் வாயில் அவ்வசை எளிதில் எழாது. கருணை பிறப்பதற்கும் அறிதல் வேண்டுமன்றோ?

ஆதலின் நிர்வாகத்தாரிடம் நாம் வேண்டுவது ஒரு வாக்கியமே. பயணிகளாகிய நம் கடமையோ அதனினும் பெரிது. அவ்வாக்கியம் செவியில் விழும்போது கைக்கடிகாரத்தை நோக்குமுன், மாண்டவர்க்கும் அவர் வரவை எதிர்நோக்கி வீட்டிலிருப்போர்க்கும் ஒரு கணம் மைத்திரியை நினைவோமாக.