விளக்கை அணைப்பது சிக்கனமா, விரதமா?

ஆளில்லாத அறையில் எரியும் விளக்கை அணைக்கிறோம். இது சிக்கனமா, அறமா? காசு மிச்சமாகும் என்று அணைத்தால் அது சிக்கனமே. அப்படியானால் காசு கொடுக்க வேண்டாத மின்சாரத்தை வீணாக்கலாமா? தமிழ்நாட்டில் உழவர் அனைவருக்கும் 1990ஆம் ஆண்டில் மின்சாரம் இலவசமாயிற்று. 2016ஆம் ஆண்டில் வீடுகளுக்கும் இரு மாதத்திற்கு 100 யூனிட் வரை கட்டணம் நீக்கப்பட்டது. ஆதலின் இவ்வினா வெறும் தருக்கம் அன்று. நம் வீட்டுச் சுவரிலுள்ள சுவிட்சைப் பற்றியது.

ஒரத்தநாட்டுப் பகுதியினராகிய எங்களை 2023ஆம் ஆண்டு இது குறித்துச் சிந்திக்க வைத்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நடுவணரசு வெளியிட்ட சுரங்க ஏலப் பட்டியலில், எங்கள் பகுதியிலுள்ள வடசேரியின் பழுப்பு நிலக்கரியும் இடம்பெற்றிருந்தது. நெல் விளையும் நிலத்தைத் தோண்டலாகாது என்று உழவர்கள் எதிர்த்தனர். ஏப்ரல் 8ஆம் நாள் அது பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. அனைவரும் மகிழ்ந்தோம். ஆனால் அதே ஆண்டு ஜூலையில், நெய்வேலியை அடுத்த மேல்வளையமாதேவியில் சுரங்கத்திற்குக் கால்வாய் வெட்டுவதற்காக, வளர்ந்து நின்ற நெற்பயிரின்மேல் இயந்திரங்கள் ஏறின. எங்கள் வயலைத் தோண்டாதீர் என்றோம். பிறர் வயலைத் தோண்டி எரித்த வெளிச்சத்தை மட்டும் மறுக்கவில்லை.

‘நான் தோண்டவில்லையே’ எனலாம். நம் சமயம் இவ்விடையை ஏற்பதில்லை. தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வாரை உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையைக் கொணரும் என்பது நாம் அறிந்ததே. சுவிட்சைப் போடும் கை, செய்விக்கும் கை அல்லவா?

அதற்காக இல்லறத்தார் இருளில் வாழ வேண்டுமென்று யாரும் விதிக்கவில்லை. ஓரறிவுயிர்களுக்குச் சிறிதும் துன்பமின்றி இல்லறம் நடவாது. ஆகவேதான் குணவிரதங்களுள் அநர்த்ததண்ட விரதம் வைக்கப்பட்டுள்ளது. பயனின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரைச் சிந்துதல், தீ மூட்டுதல், காற்றெழுப்புதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றைச் சமந்தபத்திராசாரியார் தம் இரத்தினகரண்டகத்தில் விலக்குகிறார். மின்சாரம் இல்லாத காலத்துச் சொற்கள் இவை. எனினும் சுரங்கம், மோட்டார், கொதிகலன், மின்விசிறி என இன்றைய வாழ்வே அவற்றுள் அடங்கிவிடுகிறது. இங்குத் தடுக்கப்படுவது பயன்பாடு அன்று, பயனின்மையே. வரப்பு வழிந்த பின்னும் ஓடும் மோட்டாருக்குக் கட்டணம் இல்லாதிருக்கலாம், வினை உண்டு.

புதிய கருவிகள் இவ்விரதத்திற்குத் துணை செய்யும். பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. விளக்கு தருகிறது. ஏறத்தாழ 75 வாட் இழுக்கும் மின்விசிறியின் இடத்தில் 30 வாட் அளவில் சுழல்வன வந்துள்ளன. வாங்க இயன்றவர்கள் வாங்குதல் நன்று. ஆனால் கருவி மட்டும் விரதம் ஆகிவிடாது. எங்கள் வீட்டில் 60 வாட் பல்பு மாலையில் 5 மணி நேரம் எரிந்தது. 300 வாட் மணி செலவு. எல்.இ.டி. வந்ததும், ‘ஒன்பது வாட்தானே’ என்று திண்ணை, கொல்லை, மாடிப்படி என மூன்று விளக்குகளை இரவு 12 மணி நேரமும் எரியவிட்டோம். 324 வாட் மணி ஆயிற்று. மிச்சம் எங்கே?

சம்பாப் பருவத்தில் ஒரு காலை திண்ணையைப் பெருக்கினேன். இரவெல்லாம் எரிந்த விளக்கின்கீழ்ப் பச்சைத் தத்துப்பூச்சிகள் முறம் நிறைய இறந்து கிடந்தன. பொழுது சாயுமுன் உண்டு, நீரை வடிகட்டிக் குடிக்கும் வீட்டின் திண்ணை அது. அவ்வொளியில் இரவு முழுதும் ஒருவரும் அமர்ந்திருக்கவில்லை. அன்று முதல் திண்ணை விளக்கு, ஆள் வரும்போது மட்டுமே எரிகிறது.

கருவி தீங்கைக் குறைக்கும்; அளவு வகுத்துக்கொண்டால்தான் குறைந்தது குறைந்தபடி நிற்கும். மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்தை நகைக்கும் நிலத்திற்கும் அளவிட்டவர்கள் நாம்; மின்சாரத்திற்கும் அளவிடுவோம். உறங்குமுன் அன்றைய குற்றங்களை எண்ணி வருந்தும்போது, இவ்வினாவையும் சேர்த்துக்கொள்வோம்: இன்று நம் வீட்டில் யாருக்கும் பயன்படாமல் எரிந்த விளக்கு எது?