சிறுதேரில் ஏறியவர் யார்?

ஊர்திகளைச் சிற்றுருவாக்கி விளையாடும் ஆசை தமிழர்க்குப் புதியதன்று. சிறுவரின் முக்காற் சிறுதேரைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியானது சிறுதேர்ப் பருவமாகும். எமது தீவுப் பகுதியிலும் பனங்காயைச் சில்லாக்கி வண்டி உருட்டாத பிள்ளைகள் முன்னொரு காலத்தில் அரியர். ஆயின் இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் சிறுதேர் வேறொன்று. மேசைமீது ஆடப்படும் விஞ்ஞானப் புனைகதைப் போர் விளையாட்டுகளுக்குரிய கவச ஊர்திகளைச் சேகரித்து வர்ணந் தீட்டும் பொழுதுபோக்கையே ஈண்டு கருதுகின்றேன். போரினால் வதைபட்ட மண்ணிலே பிறந்த ஒருவர் போர் ஊர்திப் பொம்மைகளில் இன்பங் காண்பது அறமாகுமா என்பதே என் வினா.

இத்தகைய விளையாட்டுக்கு நியாயம் கூற முற்பட்டோருள் ஆங்கில எழுத்தாளர் எச். ஜீ. வெல்ஸ் முக்கியமானவர். 1913 ஆம் ஆண்டு வெளியான ‘லிட்டில் வோர்ஸ்’ என்னும் நூலிலே, பொம்மைப் போர்வீரரைக் கொண்டு ஆடும் விதிகளை அவர் வகுத்தார். மெய்யான போரைவிடச் சிறுபோரே மேலானது என்பது அவர் கட்சி. மறு ஆண்டே முதலாம் உலகப் போர் மூண்டது. விளையாட்டு போரை விளைவிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. 1987 ஆம் ஆண்டு, தொலை எதிர்காலத்தைக் களமாகக் கொண்ட ‘வோர்ஹாமர் 40,000’ என்ற விளையாட்டை இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்ஷொப் நிறுவனம் வெளியிட்டது. அதே ஆண்டு ஒக்ரோபரில் இந்திய அமைதிப் படையின் கவச ஊர்திகள் யாழ்ப்பாண வீதிகளில் நுழைந்தன. ஓரிடத்தில் கற்பனையாக இருப்பது பிறிதோரிடத்தில் நினைவாக இருக்கின்றது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கனடாவிலுள்ள மைத்துனர் ஒருவர் எனக்கு அவ்விளையாட்டின் ‘ரைனோ’ என்னும் ஊர்தியை அனுப்பியிருந்தார். பிளாஸ்ரிக் துண்டுகளை ஒட்டி, அடிவர்ணம் பூசி, அதன்மேல் நிறந் தீட்டல் வேண்டும். புத்தம் புதிதாய் மினுங்கும் ஊர்தியை இக்கலையில் வல்லோர் மதிப்பதில்லை. நீர்த்த கருநிறத்தை இடுக்குகளில் ஓடவிட்டு அழுக்கை வருவிப்பர். கடற்பஞ்சினால் கபில நிறத்தை விளிம்புகளில் ஒற்றித் துருவை உண்டாக்குவர். குண்டு பட்ட தழும்புகளையும் தீட்டுவர். எமது தீவுகளில் உப்புக்காற்றுப் படாத இரும்பு இல்லை. துருவைச் சுரண்டி வர்ணம் பூசுவது படகுக்காரரின் ஓயாத வேலை. நானோ துருவேறாத பொருளில் துருவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி அணிந்து, நெய் பூசப்பெற்றுக் காவல் மனையில் மினுங்குவதையும், அதியமானின் வேல்கள் நுனி முரிந்து கொல்லனின் சிறு கொட்டிலிற் கிடப்பதையும் ஒளவையார் ஒப்பிடும் புறநானூற்றுப் பாடலை நாமெல்லாம் படித்திருக்கின்றோம். அங்கே முரிந்த நுனி, நடந்த போருக்குச் சாட்சி. எமது பொம்மையின் தழும்போ நடவாத போருக்குச் சாட்சி கூறுகின்றது. இது பொய்ச்சாட்சியா, கலையா?

கலையே என்று அரிஸ்ரோட்டில் விடை கூறியிருப்பார். நேரிற் காண வருத்தந் தருவனவற்றையும் நுட்பமான சாயலிற் காணும்போது மனிதர் மகிழ்கின்றனர் என்றும், ‘இது அதுவே’ என இனங்கண்டு அறியும் இன்பமே அம்மகிழ்ச்சிக்குக் காரணம் என்றும் கவிதையியலில் அவர் விளக்கினார். இவ்விளக்கத்தால் நெடுநாள் அமைதியுற்றிருந்தேன்.

அவ்வமைதியைக் குலைத்தவர் நெடுந்தீவில் வாழும் என் அம்மம்மா. விடுமுறையிலே நான் தழும்பு தீட்டிக்கொண்டிருந்தபோது அருகில் வந்தமர்ந்து, “உதுக்குள்ள ஆர் மோனை இருக்கினம்?” என்று வினவினார். “ஒருத்தரும் இல்லை அம்மம்மா, பத்துப்பேர் எண்டு கணக்கு” என்றேன். அப்போதைய விளையாட்டு விதி அதுதான். ஊர்தி அழியின் உள்ளிருப்போர் பிழைப்பதையும் மடிவதையும் பகடையே தீர்மானிக்கும். அவர் சற்று நேரம் பொம்மையைப் பார்த்திருந்து, “அந்தப் பத்துப்பேரும் ஆர் ஆர்?” என்றார். என்னிடம் விடை இருக்கவில்லை.

அவ்வினா எங்கிருந்து வந்தது என்பதை நானறிவேன். எமது தீவுக்குப் போர் கடல்வழியாகவே வந்தது. 1985 மே 15 இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளுமுட்பட இருபதுக்கு மேற்பட்ட பயணிகள் கொல்லப்பட்டனர். அப்படகு அதன் பின்னரும் நீண்டகாலம் பயணிகளை ஏற்றிச் சென்றது. அத்தினத்தில் ஆண்டுதோறும் ஊரவர் நினைவுகூர்வது படகை அன்று, அதில் ஏறியவர்களையே. அம்மம்மாவுக்கு ஊர்தி என்றால் அதன் வடிவமுமன்று, நிறமுமன்று; உள்ளே இருப்பவர்கள்.

இவ்விடத்தே அரிஸ்ரோட்டிலின் விளக்கத்தை மீளவும் நோக்குதல் தகும். சாயலின் இன்பம் இனங்காண்பதில் உள்ளதெனின், துருவை இனங்கண்டு, தழும்பை இனங்கண்டு, உள்ளிருந்தவரை மட்டும் இனங்காணாது விடுபவர் பாதியையே கண்டவராவார். குறை போலச்செய்தலில் இல்லை. போலச்செய்வதை இடைவழியில் நிறுத்திவிடுவதிலேயே உள்ளது. போரறியா நாட்டிலே அப்பாதி போதுமென்று தோன்றலாம். குமுதினியை அறிந்தவர்க்கு அது போதாது.

ஆகவே இப்பொழுதுபோக்கினைத் தீதென்று நான் தள்ளவில்லை, தூரிகையைக் கைவிடவுமில்லை. சேறும் துருவும் இன்றும் தீட்டுகின்றேன். அவை காலமும் காற்றும் இடும் கோலங்கள். குண்டுத் தழும்பு அத்தகையதன்று. அதனை இடுவதற்குமுன் அம்மம்மாவின் வினாவை என்னிடமே கேட்டுக்கொள்கின்றேன். இதுவரை விடை கிடைக்கவில்லை. ஆதலால் அந்த ரைனோவின் ஒரு பக்கம் இன்னும் தழும்பின்றியே இருக்கின்றது.