நாயின் குரைப்பும் இல்லறத்தார் நோன்பும்

வீட்டில் வளரும் நாய் ஓயாமல் குரைக்கும்போது அதை அடக்க மனிதனுக்கு உரிமை உண்டா, உண்டெனில் அவ்வுரிமையின் எல்லை எது என்னும் வினா அறத்தைச் சார்ந்தது. இல்லறத்தில் வாழ்வோருக்கெனச் சமணம் வகுத்த ஒழுக்கநெறி அதற்கு நுட்பமான விடையைத் தருகிறது.

உயிர் வாழ்வதற்குக் காரணமான ஆற்றல்களைச் சமண மெய்யியல் பிராணங்கள் என அழைத்து, ஐம்பொறிகளின் ஆற்றல் ஐந்து, மனம், சொல், உடல் ஆகியவற்றின் வலிமை மூன்று, மூச்சு, ஆயுள் எனப் பத்தாக எண்ணுகிறது. ஐம்புலனும் மனமும் உடைய விலங்குகளுக்கு, மனிதருக்குப் போலவே, இப்பத்தும் உண்டு என்பதால் வசனபலம் எனப்படும் சொல்வலிமை நாய்க்கும் உரியதாகிறது. கவனமின்மையாலோ சினம் முதலிய உணர்ச்சிகளின் வயப்பட்டோ பிராணங்களுக்கு ஊறு செய்வதே இம்சை என உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது; ஆகவே, உயிர் போகாவிடினும் குரலைப் பறிப்பது இம்சையே.

அந்நூல் இல்லறத்தாரின் அகிம்சை அணுவிரதத்திற்கு, அதாவது அவர்களால் இயன்ற அளவில் மேற்கொள்ளப்படும் கொல்லாமை நோன்புக்கு, ஐந்து வழுக்களைச் சுட்டுகிறது: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகைச்சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். சுமை ஏற்றுதல் தவிர்த்த நான்கு வழுக்களும் இன்றைய வீட்டுநாய்க்கு நேரே பொருந்துகின்றன. நாள் முழுதும் சங்கிலியில் தனியே கிடக்கும் நாய் சலிப்பாலும் அச்சத்தாலும் குரைப்பதால், கட்டிவைத்தலே பல இடங்களில் குரைப்பின் காரணமாக இருக்கிறது. குரைத்தவுடன் மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை, கோல் ஏந்தாத அடியே ஆகும். வேல்ஸ் நாடு அதனை 2010 இல் தடைசெய்தது. குரல்நாண்களை அறுக்கும் அறுவை உறுப்புச் சிதைவில் அடங்கும்; செல்லப் பிராணிகளின் பாதுகாப்புக்கான 1987 ஆம் ஆண்டின் ஐரோப்பிய உடன்படிக்கை, மருத்துவத் தேவையின்றி அதைச் செய்வதை விலக்குகிறது. பரிசுத் தீனிக்கு ஏங்கவேண்டுமென நாயைப் பட்டினியிடுவதோ இறுதி வழுவின்பாற்படும்.

இவ்வாறாயின் நாயைக் குரைக்கவிட்டுவிடுவதே அறமாகுமா என்னும் தடை இங்கு எழுகிறது. இம்சையின் வரையறையில் கவனமின்மையும் இடம்பெறுவதால், அயலாரின் உறக்கம் கெடுவதையும், குரைக்கும் நாயே துன்புறுவதையும் கண்டும் வாளாவிருப்பது நோன்பாகாது. வளர்ந்த ஓநாய்கள் அரிதாகவே குரைக்க, மனிதரோடு வாழ்ந்த நெடுங்கால உறவில்தான் நாயிடம் குரைப்பு பெருகியது. மனிதரை நோக்கி வளர்ந்த அக்குரலுக்கு மறுமொழி தரும் பொறுப்பும் மனிதருடையதே.

அம்மறுமொழியின் தொடக்கம் காரணத்தை அறிதலாகும். தெருவைப் பார்த்துக் குரைக்கும் நாய்க்குச் சன்னலை மறைத்தலும், சலித்த நாய்க்கு நடையும் விளையாட்டும் தருதலும், தனிமைக்கு அஞ்சும் நாயைச் சில நொடிகளில் தொடங்கிச் சிறிது சிறிதாகத் தனிமைக்குப் பழக்குதலும், முதுமையில் திடீரெனக் குரைக்கத் தொடங்கும் நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுதலும் தக்கன. பின்னர், குரைப்பு நின்ற நொடியில் ஒரு சொல்லைச் சொல்லித் தீனி அளித்து, அமைதியின் நேரத்தைப் படிப்படியாக நீட்டிச் சென்றால், அமைதி தனக்கு நன்மை தருவதை நாய் கற்றுக்கொள்கிறது. கவனத்தை ஈர்க்கக் குரைக்கும் நாயைப் பொருட்படுத்தாதிருந்தால் குரைப்பு முதலில் மிகுந்து பின்னரே தணியும். அவ்விடைக்காலத்தில் சினம் கொள்ளாதிருப்பதே பழக்குவோரின் நோன்பு.

காரணத்தை நீக்கும் பயிற்சி, குரலை மட்டும் அடக்கும் பயிற்சி ஆகிய இரண்டிலும் செவிக்குக் கேட்பது ஒரே அமைதியாக இருக்கலாம். ஆயினும் ஒன்றில் நாயின் துன்பம் நீங்குகிறது, மற்றொன்றில் துன்பம் அப்படியே நிற்க, அதைச் சொல்லும் வாய்ப்பு மட்டுமே அழிகிறது. குரைக்க வல்ல நாய் குரைக்க வேண்டிய தேவையின்றி இருக்குமாறு செய்யும் பயிற்சியே அறத்தின் எல்லைக்குள் நிற்பதாகும்.